ஆறு வருஷ இடைவெளியை ரெஸ்யூமில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: வணக்கம். எனக்கு 34 வயது. ஈரோட்டில் இருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 2015 ஜூனிலிருந்து 2019 டிசம்பர் வரை அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருந்தேன். இரண்டாவது குழந்தை பிறக்கிற சமயத்தில் வேலையை விட்டுவிட்டேன். இப்போது சின்னவனும் பள்ளிக்கூடம் போகிறான். நாலைந்து மாதமாக நௌக்ரியிலும் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற விளம்பரங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. பழைய கம்பெனியைக் கொரோனா சமயத்தில் மூடிவிட்டார்கள்; அனுபவச் சான்றிதழ் எதுவும் நான் வாங்கி வைக்கவில்லை. என் மாமா பையன், "என் கடை லெட்டர்பேடில் ஆறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறேன், கேப் இருப்பதே தெரியாது" என்கிறார். அப்படிச் செய்யலாமா? ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். விண்ணப்பக் கடிதம் எப்படி எழுதுவது என்றும் சொல்லுங்கள். என் ஆங்கிலம் சுமார்தான். (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: சகோதரிக்கு வணக்கம். இடம் கருதி உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தையும் ரெஸ்யூமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அக்கவுண்ட்ஸுக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நான் இருந்து, இந்த இரண்டில் ஒன்றை வைத்துத்தான் உங்களைக் கூப்பிட வேண்டும் என்றால், கடிதத்தை வைத்துத்தான் கூப்பிடுவேன்.

ஏன் என்று சொல்கிறேன். ரெஸ்யூமில் அந்த நாலரை வருட வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரி: "ஹேண்ட்லிங் அக்கவுண்ட்ஸ் அண்ட் மெயின்டெய்னிங் டேலி." கடிதத்திலோ போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று மாதம் முந்நூறு ஜாப்வொர்க் பில் வரும் சார். டையிங்கிலிருந்து துணி எடை குறைந்து வந்திருந்தால் டி.சி.யோடு ஒத்துப் பார்த்து, பேசி வைத்த லாஸுக்கு மேலே போனதைக் கழித்துவிட்டுத்தான் முதலாளியிடம் கையெழுத்துக்கு வைப்பேன். சனிக்கிழமை ஆனால் நூற்றைம்பது பேருக்குச் சம்பளக் கணக்கு. ஜி.எஸ்.டி. வந்தபோது மூன்று மாதம் வீட்டுக்குப் போக ராத்திரி ஆகிவிடும்." (மற்ற வாசகர்களுக்கு: ஜாப்வொர்க் என்பது வெளி யூனிட்டுகளில் கூலிக்குச் செய்து வாங்குகிற வேலை; டி.சி. என்பது சரக்கோடு வருகிற டெலிவரி செலான்.)

இதுதான் ரெஸ்யூம். இதை எனக்கு எழுதிவிட்டு, வேலை கொடுக்கப்போகிறவருக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

பெருந்துறை சிப்காட்டிலோ திருப்பூரிலோ ஒரு அக்கவுண்ட்ஸ் மேனேஜர் முன்னால் நாற்பது ரெஸ்யூம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் டேலி என்கிற கணக்கு மென்பொருள் இருக்கும், எம்.எஸ். ஆஃபீஸ் இருக்கும், "ஹார்டு ஒர்க்கிங், சின்சியர், டீம் பிளேயர்" இருக்கும். அவர் தேடுவது வேறு. அவர் மேஜையில் பாஸ் ஆகாமல் ஒரு கட்டு பில் கிடக்கிறது, மாதக் கடைசி வருகிறது, போன ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்தக் கட்டை யாரிடம் கொடுத்தால் தலைவலி தீரும் என்பதுதான் அவர் கேள்வி. டையிங் பில்லில் எடைக்குறைவைப் பிடித்து, அதைக் கழித்த பிறகே கையெழுத்துக்கு வைக்கிற ஒருவர் என்று படித்ததும் அவர் போனை எடுப்பார். பின்னலாடைத் தொழிலில் காசு ஒழுகுகிற இடம் அதுதான் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆகவே முதல் வேலை, அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு ஐந்தாறு வரி எழுதுவது. தமிழில் காட்டுகிறேன், நீங்கள் ரெஸ்யூமில் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் ஜாப்வொர்க் பில்கள் மாதம் சுமார் 300: டி.சி., எடை, ரேட் மூன்றையும் சரிபார்த்து, அதிகப்படி எடைக்குறைவைக் கழித்துப் பாஸ் செய்தேன்.

சுமார் 150 தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளக் கணக்கு; மாதாமாதம் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. செலான் 15ஆம் தேதிக்குள்.

2017 ஜூலையில் வாட்டிலிருந்து ஜி.எஸ்.டி.க்கு மாறியபோது, சப்ளையர்களின் ஜி.எஸ்.டி. எண்களைச் சேகரித்து டேலியில் ஏற்றினேன்; டிரான்-1 தாக்கலுக்கான ஸ்டாக், வரிக் கணக்கை ஆடிட்டருக்குத் தயார் செய்து கொடுத்தேன்.

இரண்டு வங்கிக் கணக்குகளின் மாதாந்திர ரீகன்சிலியேஷன். ஜாப்வொர்க் யூனிட்டுகளுக்கான நிலுவைப் பட்டியல், பேமென்ட்.

கடைசி இரண்டும் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தவைதான். நானாக எதையும் சேர்க்கவில்லை. (டிரான்-1 என்பது பழைய வரிக் கழிவை ஜி.எஸ்.டி.க்கு எடுத்துவருகிற படிவம்; ரீகன்சிலியேஷன் என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம் கணக்கையும் ஒத்துப் பார்ப்பது.) எண்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 300, 150, 15ஆம் தேதி. "பெரிய அளவில்", "திறம்பட" என்றெல்லாம் எழுதுவதைவிட இந்த எண்கள் அதிகம் பேசும். ஆனால் எண் உண்மையாக இருக்க வேண்டும். நேர்முகத்தில், "முந்நூறு பில்லா? ஒரு நாளைக்கு எத்தனை பாஸ் பண்ணுவீர்கள்? எடை எத்தனை சதவிகிதம் வரை விடுவீர்கள்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். உங்களால் தூக்கத்தில்கூட பதில் சொல்ல முடியும். சொல்ல முடியாத எண்ணை யாருமே போடக்கூடாது.

அடுத்தது, நீங்கள் முக்கியம் என்று நினைக்காமல் எழுதிய இன்னொரு வரி. "கொழுந்தனார் ஹார்டுவேர் கடையில் போன வருஷத்திலிருந்து நான்தான் பில் எல்லாம் டேலியில் ஏற்றி மாதாமாதம் ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புகிறேன், அது வீட்டு வேலை மாதிரிதான்." வீட்டு வேலையா அது? நீங்கள் ஏற்றுகிற கணக்கை வைத்துத்தான் அந்தக் கடையின் ரிட்டர்ன் போகிறது. சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. "ஒரு சில்லறை ஹார்டுவேர் கடையின் கொள்முதல், விற்பனைக் கணக்கை டேலிபிரைமில் பராமரித்து, ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கான விவரங்களைத் தயார் செய்கிறேன் (குடும்பத் தொழில், பகுதி நேரம்)" என்று எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள். அதை நீங்களே சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் தோண்ட மாட்டார்கள்.

இப்போது மாமா பையன் விஷயம். வேண்டாம். செய்த வேலையை ரெஸ்யூமில் விட்டுவிட்டு, செய்யாத வேலையைப் போடலாமா என்று கேட்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இது எங்கே மாட்டும் என்று அவருக்குத் தெரியாது.

கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால், ஆள் எடுக்கும்போது யு.ஏ.என். எண்ணை, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணைக் கேட்கிறார்கள். அந்த எண்ணில் நீங்கள் எந்தெந்த நிறுவனத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்ற சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கிறது. ரெஸ்யூமில் உள்ள தேதியும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். உங்கள் உறவினர், "என் கடையில் இருபது பேர்கூட இல்லை, பி.எஃப். கட்டாயம் இல்லை, அதனால் அதில் வராது" என்று சொல்லக்கூடும். சட்டப்படி அது சரியும்கூட. சரி, ஆறு வருஷச் சம்பளம் எந்த பேங்க் கணக்கில் வந்தது? கடைசி மூன்று மாத சம்பள ரசீது எங்கே? இதெல்லாம் சாதாரணமாகக் கேட்கிற கேள்விகள். அதையும் தாண்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் கணக்குத் தெரிந்தவர். "2022-ல் 2பி-யில் வராத பில்லுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் (சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜி.எஸ்.டி. தளம் தொகுத்துத் தருகிற பட்டியல்தான் 2பி), அந்த வருஷம் நீங்கள் சின்னக் குழந்தையோடு வீட்டில் இருந்தீர்கள் என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு வேலை போனால் பரவாயில்லை. காசோலையும் கல்லாவும் புழங்குகிற துறையில், ஈரோடு, திருப்பூர், கோவை என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்த ஊர்களில், பொய்ச் சான்றிதழ் கொடுத்தவர் என்ற பெயர் எடுக்கக்கூடாது.

இடைவெளியை மறைக்கத் தேவையும் இல்லை. குழந்தைக்காக வேலையை விட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று ஆள் எடுப்பவருக்குத் தெரியாதா? அவருடைய சந்தேகம் இரண்டே இரண்டுதான்: இந்தம்மாவுக்கு இப்போதைய நடைமுறை தெரியுமா, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மாதக் கடைசியில் லீவு போட்டுவிடுவாரா. இரண்டாவதை ரெஸ்யூமில் எழுத வேண்டியதில்லை. நேரில் கேட்டால், மாமியார் வீட்டில் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று எனக்கு எழுதியதை அங்கேயும் சொல்லுங்கள். முதல் சந்தேகத்துக்கு ரெஸ்யூமிலேயே பதில் இருக்க வேண்டும். வேலை அனுபவப் பட்டியலில் தேதி வரிசையில் ஒரே வரி: "2020 ஜனவரி முதல்: குழந்தை வளர்ப்புக்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன்." அதற்கு மேலே ஹார்டுவேர் கடை வேலை. அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று இழுக்கவும் வேண்டாம். அந்தச் சொல்லைப் படித்தால் ஏதோ பெரிய விவகாரம் போலத் தோன்றும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஜி.எஸ்.டி. தெரியும் என்று எழுதும்முன் நீங்கள் விட்டுவந்த பிறகு மாறியதை உட்கார்ந்து படித்துவிடுங்கள். நீங்கள் பார்த்த டேலி ஈ.ஆர்.பி. 9 போய் 2020-ல் டேலிபிரைம் வந்துவிட்டது. அது கடையில் பழகிவிட்டீர்கள். ஜி.எஸ்.டி.ஆர்.-2பி வந்ததும் அதே வருஷம்தான். இப்போது அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியை) கழித்துக்கொள்ள முடியாது, நீங்கள் இருந்த காலத்தைப் போல அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் 2023 ஆகஸ்டிலிருந்து பிற நிறுவனங்களுக்கு ஈ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்) போட்டாக வேண்டும். சப்ளையர் பில்களை போர்ட்டலிலேயே ஏற்கவோ நிராகரிக்கவோ செய்கிற ஐ.எம்.எஸ். 2024 அக்டோபரில் வந்தது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் அந்த வருஷச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளில் பல அந்த வகைதான் என்பதால் ஜாப்வொர்க் பார்த்தவரிடம் இதைக் கேட்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த 45 நாளும் 15 ஆகிவிடும். ஆயத்த ஆடைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 18. இவற்றை எல்லாம் கொழுந்தனாரின் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளலாம். காசு கட்டி ஆறு மாதக் கோர்ஸில் சேரச் சொல்லி யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம்.

கம்பெனி மூடிவிட்டது, சான்றிதழ் இல்லை என்ற கவலைக்கு வருகிறேன். உங்கள் சம்பளம் 14,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுமே பிடித்திருப்பார்கள், அந்தச் செலானைக் கட்டியதே நீங்கள்தானே! யு.ஏ.என். எண் பழைய சம்பள ரசீதில் இருக்கும். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். கம்பெனி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றும் இருந்தால் அதைப் பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். கம்பெனி மூடுகிற அவசரத்தில் விலகிய தேதியைப் போடாமல் விட்டிருக்கலாம். கடைசி பி.எஃப். கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால் விலகிய தேதியை உறுப்பினரே பதிவு செய்துகொள்ள அந்தத் தளத்திலேயே வழி இருக்கிறது, ஆதாரோடு இணைத்த செல்போன் எண் கையில் இருந்தால் போதும். இதோடு சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டர் அல்லது ஐ.டி. கார்டு. இவை இருந்தால் அனுபவச் சான்றிதழ் இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய மேனேஜர் இப்போது வேறு எங்கேயாவது வேலை பார்ப்பார், திருப்பூரை விட்டு எங்கே போயிருக்கப்போகிறார்? விசாரித்து, உங்களைப் பற்றிக் கேட்டால் சொல்வாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அவர் எண்ணைத் தயாராக வையுங்கள். ரெஸ்யூமில் போட வேண்டாம், கேட்டால் கொடுங்கள்.

இனி ரெஸ்யூமில் எடுக்க வேண்டியவை. மூன்று பக்கம் வந்திருப்பதற்குக் காரணம் இவைதான். அப்பா பெயர், கணவர் பெயர், மதம், சாதி, உயரம், ரத்தப் பிரிவு, ஆதார் எண். கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற குறிப்பில் இருக்க வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. தனியார் வேலைக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். ஆதார் எண்ணை முன்பின் தெரியாத வாட்ஸ்அப் எண்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே நிறுத்துங்கள். அடியில் "ஐ ஹியர்பை டிக்ளேர்" என்று தொடங்குகிற உறுதிமொழி, ஊர், தேதி, கையெழுத்துக் கோடு எல்லாம் அரசு விண்ணப்பத்துக்கு உரியவை. உச்சியில் இருக்கிற ஆப்ஜெக்டிவ், பிரவுசிங் சென்டர்காரர் அவர் கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே ஒட்டியது என்று நினைக்கிறேன். சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன் என்கிற அந்த வாக்கியத்தை நான் எத்தனை விதமான ஆட்களின் ரெஸ்யூமில் பார்த்திருக்கிறேன் தெரியுமா? வெல்டர், நர்ஸ், சிவில் இன்ஜினீயர் எல்லோருக்கும் அதே ஆசை. அந்த இடத்தில் இரண்டு வரி: "பி.காம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நாலரை வருட அக்கவுண்ட்ஸ் அனுபவம்: ஜாப்வொர்க் பில், சம்பளக் கணக்கு, ஜி.எஸ்.டி. தற்போது டேலிபிரைமில் சில்லறைக் கடைக் கணக்கு. ஈரோடு, உடனே சேர முடியும்." ஆறு நொடியில் படித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். கடைசிப் பக்கத்தில், ஹாபிக்குக் கீழே, டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர் என்று இருக்கிறது. அதைப் படிப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். வேகமாக என்ட்ரி போடுவீர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று கிடையாது. ஹாபியை எடுத்துவிடலாம்.

எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும், அதிகம் போனால் ஒன்றேகால். கட்டம் கட்டமாக டேபிள் போட்ட டிசைன் வேண்டாம். நௌக்ரி போன்ற தளங்களில் ரெஸ்யூமை மென்பொருள்தான் முதலில் படித்துப் பிரிக்கிறது, கட்டத்துக்குள் இருப்பது சில சமயம் குழம்பிவிடும். புகைப்படம் கேட்டால் மட்டும். அந்தத் தளத்தில் ஆள் தேடுபவர்கள் "டேலி, ஜி.எஸ்.டி., ஈரோடு" என்று தட்டித்தான் தேடுகிறார்கள். அந்தச் சொற்கள் உங்கள் புரொஃபைலில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை உள்ளே போய் ஏதாவது சின்னத் திருத்தம் செய்தாலும் போதும், இப்போதும் வேலை தேடுகிறார் என்று தெரியும். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்துகிற முகாம்களைப் பற்றியும் அதில் தெரியும். பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று காசு கேட்கிற கன்சல்டன்சி எதுவானாலும் போனை வைத்துவிடுங்கள்.

இரண்டு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனிகளுக்கு அனுப்புவதில் ஜாப்வொர்க், சம்பளக் கணக்கு மேலே இருக்கட்டும். ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புவதில் ஹார்டுவேர் கடையும் ஜி.எஸ்.டி. மாற்றத்தின்போது செய்ததும் மேலே வரட்டும். அவர்களுக்குப் பல கடைகளின் கணக்கை ஒரே நேரத்தில் பார்க்கிறவர் வேண்டும், டையிங் எடை அங்கே உதவாது. ஃபைலுக்கு உங்கள் பெயரும் அக்கவுண்ட்ஸ் என்ற சொல்லும் போதும். எனக்கு வந்த ஃபைலின் பெயர் "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3".

அப்புறம் கடிதம். நீங்கள் இதுவரை அனுப்பிய மெயில் ஒன்றைக் காட்டியிருந்தீர்கள்: சப்ஜெக்ட் காலி, உள்ளே "ரெஸ்பெக்டட் சார், பிளீஸ் ஃபைண்ட் தி அட்டாச்மென்ட்." வாட்ஸ்அப்பில் அதுவும் இல்லை, ஃபைலும் ஒரு கைகூப்பும் மட்டும். வாங்கிப் பார்ப்பவருக்கு எந்த வேலைக்கு, எந்த ஊருக்கு என்றுகூடத் தெரியாது. சப்ஜெக்டில் இப்படிப் போடுங்கள்: அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் விண்ணப்பம், நாலரை வருட அனுபவம், ஈரோடு. கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம். உங்கள் பெருந்துறை அலுவலகத்துக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நாலரை வருடம் வேலை பார்த்தேன். மாதம் சுமார் 300 ஜாப்வொர்க் பில்களை டி.சி., எடை, ரேட் பார்த்துப் பாஸ் செய்வதும், 150 பேருக்கு வாரச் சம்பளக் கணக்குப் போடுவதும் என் பொறுப்பு. 2019 டிசம்பரில் குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டேன். கடந்த ஒரு வருடமாக எங்கள் குடும்பத்தின் ஹார்டுவேர் கடைக் கணக்கை டேலிபிரைமில் பார்த்து, ஜி.எஸ்.டி. விவரங்களை ஆடிட்டருக்குத் தயார் செய்து தருகிறேன்.

விளம்பரத்தில் டி.டி.எஸ். கேட்டிருக்கிறீர்கள். தொகையைக் கழித்து, செலான் கட்டி, விவரத்தை ஆடிட்டருக்குக் கொடுத்திருக்கிறேன். ரிட்டர்னை நானே தாக்கல் செய்ததில்லை, கற்றுக்கொள்வேன்.

ஈரோட்டில் இருக்கிறேன், பெருந்துறைக்கு தினமும் வந்துபோக முடியும். உடனே சேரலாம். ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்."

கீழே பெயர், போன் எண். டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பற்றித் தெரியாததை ஏன் நாமாகச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். விளம்பரத்தில் கேட்ட ஒன்றைப் பற்றி மூச்சே விடாமல் இருந்தால், விளம்பரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். எதுவரை தெரியும் என்று சொல்கிறவரை நம்பி மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம். மேலும் இந்தப் பத்தி ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மாற வேண்டியது. இதை மாற்றாமல் ஐம்பது இடத்துக்கு அனுப்பினால், ஐம்பது இடத்திலும் அது பொதுக் கடிதம் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் என்றால் இதையே நாலு வரியாகச் சுருக்கி, ஃபைலுக்கு முன்னால் ஒரே மெசேஜாக அனுப்புங்கள். "ஹாய் சார்" என்று போட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள். மேலே உள்ள தமிழை எடுத்துக்கொண்டு சாட்ஜிபிடியிடம் எளிய ஆங்கிலத்தில் கேட்டாலும் தப்பில்லை. ஆனால் அது தருகிற கடிதத்தில் "திரில்டு", "பேஷனேட்", "டைனமிக் ஆர்கனைசேஷன்" என்று ஜிகினா ஒட்டியிருக்கும். இப்போது வருகிற கடிதங்களில் பாதி ஒரே குரலில் இருப்பது இதனால்தான். நேரில் உட்கார்ந்தால் உங்கள் வாயில் வராத எந்தச் சொல்லையும் அடித்துவிடுங்கள். அக்கவுண்ட்ஸ் ரூமில் புழங்குகிற ஆங்கிலம் உங்களுக்கு நன்றாகவே தெரியும்; பில், செலான், டெபிட் நோட், ரீகன்சிலியேஷன். அது போதும்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரெஸ்யூமில் எதிர்பார்ப்பை எழுத வேண்டாம். பழைய சம்பளம் கேட்டால் 14,000, அது 2019-ல் என்று வருஷத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது பெருந்துறைப் பக்கம் இந்த வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று பழைய தோழிகள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு, அதைக் கேளுங்கள். இடைவெளி இருந்ததால் எது கொடுத்தாலும் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று கண்ணில் பட்டது. ரெஸ்யூமில் இருக்கிற போன் எண் உங்கள் கணவருடையது. அவர் தறிப்பட்டறையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தில் போன் அடிப்பது எங்கே கேட்கப்போகிறது? ஒருவேளை இத்தனை மாதத்தில் யாராவது கூப்பிட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. உங்கள் எண்ணைப் போடுங்கள், தெரியாத எண்ணிலிருந்து வந்தாலும் எடுங்கள்.

அனுப்பி ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை என்றால் ஒருமுறை நீங்களே கூப்பிட்டு, ரெஸ்யூம் கிடைத்ததா என்று கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 10, 11 தேதிகளிலும், 19, 20 தேதிகளிலும் மட்டும் வேண்டாம். ரிட்டர்ன் போடுகிற நாளில் அக்கவுண்ட்ஸ் ரூமுக்குப் போன் செய்தால் என்ன பதில் வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.